எட்டு மாதப் பயணமும் எங்கள் அன்றாடமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலிருந்து முதலில் கேட்டது "ஏதாவது மருத்துவ விடயம் பேசுங்கோ" என்றுதான். பிறகு, "நீங்கள் ரெண்டு பேரும் எட்டு மாதம் ஊர் ஊராய்த் திரிஞ்சனீங்களாம், அதைப் பேசினால் சனம் நித்திரை கொள்ளாது" என்றார்கள். எனவே இது பயணத்தைப் பற்றிய பேச்சு, இடையில் கொஞ்சம் மருத்துவமும் வரும். பார்த்த கோயில்களையும் கோட்டைகளையும் பற்றிக் கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எட்டு மாதமும் நாங்கள் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது உடுப்புக் கொடியையும் அடுப்பையும்தான்.

2024 ஓகஸ்ட் முதல் 2025 மார்ச் வரை நாங்கள் கணவனும் மனைவியுமாகப் பயணத்தில் இருந்தோம். மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். இருவருக்கும் வேலையிடத்தில் சம்பளமில்லாத லீவு கிடைத்தது. இங்கிலாந்து வீட்டை வாடகைக்குக் கொடுத்தோம். வருகிற வாடகைக்குள் எங்கள் அறையும் சாப்பாடும் முடிய வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் ஹோட்டலுக்கு இடமில்லை. எங்கு போனாலும் மாத வாடகைக்கு ஓர் அறை, அறைக்குள் ஓர் அடுப்பு, துணி காயப்போட ஒரு சிறு பல்கனி. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு தோள் பை. அதற்குள் ஒரு சின்ன றைஸ் குக்கரும் ஏறியது.

எங்கே எத்தனை நாள் இருப்பது என்பதைத் தீர்மானித்தது எங்கள் விருப்பம் அல்ல. எங்களில் ஒருவரிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது, மற்றவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டு. மலேசியாவில் ஒருவருக்கு விசா இல்லாமல் மூன்று மாதம் இருக்கலாம். மற்றவர் இணையத்தில் விண்ணப்பித்து, காசு கட்டி, திரும்பிப் போகும் ரிக்கற்றையும் காட்டி, ஒரு மாதம் வாங்கினார். ஆகவே நாங்கள் பினாங்கில் இருந்தது ஒரு மாதம். எந்த நாட்டிலும் இதுதான் விதி. பலம் குறைந்த கடவுச்சீட்டு எத்தனை நாள் சொல்லுகிறதோ அத்தனை நாள்தான் குடும்பம் அங்கே. விமான நிலையத்தில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு மற்றவருக்காக முக்கால் மணித்தியாலம் நிற்பார். அந்த முக்கால் மணித்தியாலத்தில் உள்ளே நிற்பவருக்கு வருகிற எண்ணங்களை இங்கே இருக்கிற பலருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தாய்லாந்துதான் விதிவிலக்கு. 2024 யூலையில் அவர்கள் 93 நாட்டவர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தரத் தொடங்கினார்கள். பிரித்தானியாவும் இலங்கையும் அதே பட்டியலில் இருந்தன. அங்கே மட்டும் நாங்கள் ஒரே வரிசையில் நின்றோம், ஒரே அளவு நாளும் வாங்கினோம்.

பினாங்கில் ஜோர்ஜ் ரவுணில் இறங்கியதும் முதல் தேடியது உடுப்புத் தோய்க்கிற இடம். பலகையில் 'டோபி' என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. எங்கள் பாட்டிமாருடைய அதே டோபிதான். கடைக்கு அங்கே 'கெடாய்'. தமிழிலிருந்து போன சொல். காலையில் சைக்கிளில் 'புட்டு மாயம்' வந்தது. பிட்டு என்று நினைத்து ஓடிப்போய் வாங்கினால் இடியப்பம். சம்பலும் சொதியும் இல்லை, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தந்தார்கள். இவர் முதல் நாள் முகத்தைச் சுழித்தார், மூன்றாம் நாள் இரண்டு பார்சல் வாங்கி வந்தார். எங்கள் ஊர்களில் 'மலாயாப் பென்சன்காரர்' என்று ஒரு தலைமுறையே இருந்தது அக்காமாருக்கு ஞாபகம் இருக்கும். றெயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வுபெற்று வந்து கல்வீடு கட்டியவர்கள். அவர்களோடு போன பெண்கள் அங்கே எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று எங்கள் வீடுகளில் எவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஐயா எந்த ஸ்ரேசனில் வேலை செய்தார் என்பது தெரியும். அம்மா எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்பது தெரியாது.

இனிப் பேச வேண்டிய விடயத்துக்கு வருகிறோம்.

பினாங்கில் மூன்றாவது வாரம் எங்களுக்குள் ஒரு சண்டை. சத்தமில்லாத சண்டை. படித்தவர்கள் சண்டை பிடிக்கிற மாதிரி, கதவைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திச் சாத்துகிற சண்டை. காரணம் சின்னது. வெளியே போகப் புறப்பட்டு நிற்கும்போது ஒருவர் வாசலில் சப்பாத்தோடு, "இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்டார். மற்றவர் அப்போது பாத்திரம் கழுவி, துணி திருப்பிப் போட்டு, மத்தியானத்துக்கு அரிசி ஊறவைத்து, குளிசைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் இந்த வேலைகளில் பாதியை மெஷின் செய்தது. மீதியைச் செய்கிறவர் வேறு அறையில் நின்று செய்ததால் மற்றவர் கண்ணில் படவில்லை. பன்னிரண்டடி அறைக்குள் மறைவதற்கு இடமில்லை. ஒருவர் வேலை செய்துகொண்டிருக்க மற்றவர் கட்டிலில் இருந்து அடுத்த ஊருக்கு றெயில் பார்த்துக்கொண்டிருந்தால் அது இருவருக்கும் தெரியும்.

அன்றிரவு இவர்தான் ஒரு தாள் எடுத்துக் கோடு கீறினார். கணக்குப் பார்ப்பது இவருடைய தொழில். ஒரு பக்கம் ரிக்கற், விசா விண்ணப்பம், வங்கி, அறை தேடுவது. மறுபக்கம் சந்தை, சமையல், கழுவுதல், தோய்த்தல், மருந்து, ஊருக்கு ரெலிபோன், பெட்டி கட்டுதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் என்று எழுதினோம். முதல் பக்கம் கூட்டினால் நாலு மணித்தியாலம் வந்தது. மறுபக்கம் இருபத்திமூன்று. மனையியல் பாடத்தில் வீட்டு வேலைகளுக்கு நேர அட்டவணை போடப் பழக்கினார்களே, நாங்கள் அதைப் பரீட்சைக்காகப் போட்டோம். ஆண்கள் பாடசாலையில் அப்படியொரு பாடம் இருந்ததில்லை என்று இவர் சொன்னார். தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "மாறி மாறிச் செய்வம்" என்றார்.

அதிலிருந்து ஒரு வாரம் ஒருவருக்கு 'வீடு', மற்றவருக்கு 'வெளி'. ஞாயிற்றுக்கிழமை இரவு கை மாறும். 'வீடு' என்றால் முழுக்க வீடு. உதவி செய்வதல்ல. என்ன கறி என்று யோசிப்பதும் அதற்குள் அடங்கும். யோசிப்பதுதான் பாதி வேலை என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர் குறை சொல்லக்கூடாது என்பது உப விதி. அந்த விதியைக் காப்பாற்றுவது பெண்ணுக்குத்தான் கஷ்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொடியில் சேர்ட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் கையை மடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தாய்லாந்தில் சியாங் மாயில் இரண்டு மாதம். அங்கே உடுப்பைக் கிலோ கணக்கில் நிறுத்துத் தோய்த்துத் தருகிற கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் அட்டவணையில் இரண்டு மணித்தியாலம் குறைந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக் கடைகளில் மஞ்சள் கொடி ஏறியது. சிவப்பில் ஓர் எழுத்து, 'ஜே' என்று வாசிக்க வேண்டும். சீன வழியில் வந்த ஒன்பது நாள் மரக்கறி விரதம். மீன் இறைச்சி மட்டுமல்ல, வெங்காயமும் உள்ளியும் கூட இல்லை. அது ஒன்பதாம் சந்திர மாதம் பிறக்கும் நாளில் தொடங்குகிறது. 2024 இல் அது ஒக்டோபர் 3. எங்கள் நவராத்திரி தொடங்கியதும் அதே நாள். இங்கே கல்லூரி மண்டபத்தில் கும்பம் வைத்திருக்கும் நேரம் நாங்கள் சந்தையில் மஞ்சள் கொடிக்குக் கீழே நின்று சோயா இறைச்சி வாங்கினோம். அந்த வாரம் 'வீடு' இவருடைய முறை. ஒன்பதாம் நாள் அவலும் சர்க்கரையும் குழைத்து வைத்தார். அவல் அங்கே எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குக் கைத்தொலைபேசியில் படம் காட்டி வாங்கியதாகச் சொன்னார்.

சியாங் மாயில்தான் வருத்தமும் வந்தது. மருத்துவம் வரும் என்று சொன்னோமே, அது இந்த இடம்.

இவருக்குச் சீனி வருத்தமும் பிறசரும் உண்டு. நாற்பது, ஐம்பது வயதில் நீண்ட பயணம் போகிறவர்களில் பலர் குளிசையோடுதான் போகிறார்கள். இரண்டு நாள் வயிற்றோட்டம், சத்தி. எங்களில் ஒருவர் வைத்தியராக இருப்பதால் பயப்படவில்லை என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு அறையில், இரவு ஒரு மணிக்கு, வைத்தியருக்கும் பயம்தான். ஆனால் செய்ய வேண்டியது எளிது. ஜீவனிப் பக்கற் கையில் இருந்தால் கரைத்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து, ஆகவே அளந்துதான் போட வேண்டும். சிறிது சிறிதாக, தொடர்ந்து குடிக்கக் கொடுக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுப்பவர்கள் இப்படி உடம்பு வற்றுகிற நாட்களில் அதை நிறுத்தி வைத்து, சாப்பாடு ஒழுங்கானதும் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். சில பிறசர்க் குளிசைகளும் அப்படித்தான். உங்கள் குளிசைகளில் எவை அப்படியானவை என்று புறப்படுவதற்கு முன்னரே உங்கள் வைத்தியரிடம் கேட்டு, பெட்டியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணிக்குக் கேட்க ஆளிருக்காது.

அந்தப் பிரதேசங்களில் காய்ச்சல் வந்தால் முதலில் டெங்கு என்றுதான் நினைக்க வேண்டும். இலங்கையர் எங்களுக்கு இது புதிதல்ல. பரசிற்றமோல் மட்டும். இபுபுறோபனும் அஸ்பிரினும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் கூட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மருந்துகளைக் கொண்டுபோகும் விடயத்தில் ஒரு பெரிய குழப்பம் பெயர். கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு வேறு. நீங்கள் பனடோல் என்று கேட்டால் சில நாடுகளில் விளங்காது. மூலப்பெயரான பரசிற்றமோல் என்பது கூட யப்பானிலும் அமெரிக்காவிலும் அசெற்றமினோபன். இழுப்புக்கு எடுக்கிற சல்பியூற்றமோல் அமெரிக்காவில் அல்பியூற்றரோல். ஆகவே மூலப்பெயரும் அளவும் எழுதிய வைத்தியரின் கடிதம் ஒன்று, மருந்து அதன் சொந்தப் பெட்டியில், எப்போதும் கைப் பையில். சரக்கறையில் போகிற பெட்டியில் வைக்க வேண்டாம். பெட்டி தவறினால் மருந்தும் தவறும், இன்சுலினாக இருந்தால் அங்கே உறைந்தும் போகலாம்.

நாடுகளின் சட்டமும் பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்குச் சில நித்திரைக் குளிசைகளையும் கோடீன் கலந்த வலிநிவாரணிகளையும் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வேண்டும். யப்பானில் இன்னும் கடுமை. இங்கிலாந்தில் தடிமனுக்குக் கடையில் வாங்குகிற சில குளிசைகளில் சூடோஎபெட்றின் இருக்கிறது. அது பத்து வீதத்துக்கு மேல் இருந்தால் யப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. சாதாரணமாக வைத்தியர் எழுதித் தரும் மருந்து ஒரு மாத அளவு வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் 'யுன்யு ககுனின்ஷோ' என்ற உறுதிப் பத்திரத்தை முன்கூட்டியே எடுக்க வேண்டும். விமான ரிக்கற் எடுக்கிற அன்றே இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

மருத்துவம் போதும்.

நவம்பரில் வியட்நாம். நடுவில் இருக்கிற ஹுவே என்ற பழைய அரச நகரம். அங்கே மழைக்காலம் செப்ரெம்பரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். ஒக்டோபரும் நவம்பரும் உச்சம். எங்கள் ஊர் மாரி மழை தெரியும் என்ற தைரியத்தில் போனோம். எங்கள் மழை அடித்துவிட்டு ஓயும். அந்த மழை ஓயாது, நாட்கணக்கில் ஒரே சத்தத்தில் பெய்துகொண்டே இருக்கும். உடுப்புக் காயவில்லை. துவாய் காயவில்லை. உப்புப் போத்தலில் தண்ணீர் கசிந்தது. கதவுக்குப் பின்னால், யன்னல் கம்பியில், கதிரையில், மின்விசிறிக்கு முன்னால் என்று உடுப்பைத் தொங்கவிட்டு, அதற்கிடையில் குனிந்து குனிந்து நடந்தோம். றைஸ் குக்கரின் மூடியின் மேல் காலுறை காயவைத்தது யார் என்பதைச் சொல்ல மாட்டோம். குறை சொல்லக்கூடாது என்பது விதி.

சாப்பாட்டில் ஹுவே எங்களுக்கு வீடு மாதிரி. புத்த சமயத்தவர் பலர் சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி சாப்பிடுகிறார்கள். பலகையில் 'சாய்' என்று எழுதியிருந்தால் மரக்கறிக் கடை. அமாவாசைக்கும் பூரணைக்கும் எங்கள் வீடுகளில் பிடிக்கிற விரதம்தான். அந்த நாட்களில் கடைகளில் இடம் பிடிப்பது கஷ்டம். பிளாஸ்ரிக் மேசை, சின்னக் கதிரை, முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து சாப்பிட வேண்டும். காசுதான் குழப்பம். ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பத்தாயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்க வேண்டும். இருபதாயிரம் டொங் தாளும் ஐந்து இலட்சம் டொங் தாளும் இரண்டும் நீலம். இவர் இரவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றை வேறு வேறு பைகளில் அடுக்குவார்.

தினமும் யாழ்ப்பாண நேரம் இரவு ஏழு மணிக்கு மாமிக்கு, அதாவது இவருடைய அம்மாவுக்கு, ரெலிபோன் எடுப்போம். பினாங்கில் அப்போது ஒன்பதரை, ஹுவேயில் எட்டரை. எங்கள் நாளில் மாறாத ஒரே விடயம் அதுதான். மாமி ஒரு நாளும் எங்கே போனீங்கள், என்ன பார்த்தீங்கள் என்று கேட்டதில்லை. "இண்டைக்கு என்ன சமையல்? ஆர் சமைச்சது?" இந்த இரண்டு கேள்விகள்தான். 'வீடு' யாருடைய முறை என்று தெரிந்தால் மாமி முகம் மாறும். ஒரு நாள் வீடியோவில் பின்னால் மகன் உடுப்புக் காயப்போடுவதைக் கண்டுவிட்டா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்கு இடுப்பு நோகப் போகுது" என்று மட்டும் சொன்னா. அதே அறையில் அதே கொடிக்கு மற்றவர் குனிந்த வாரங்களில் மாமிக்கு எவருடைய இடுப்பும் ஞாபகம் வந்ததில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயது மனிசி. தன் வீட்டில் ஐம்பது வருடம் எவரும் அவவின் இடுப்பைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் விடிய நாலரை மணிக்கு ரெலிபோன் அடித்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது மூன்று மணி. அந்த நேரத்தில் அடிக்கிற ரெலிபோன் என்ன சொல்லும் என்று வெளிநாட்டில் இருக்கிற எவருக்கும் எடுக்கும் முன்னரே தெரியும். மாமி குளியலறைக்குப் போகையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

உடனே புறப்பட வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எதுவும் உடனே நடக்காது. தெருவில் வெள்ளம். டா நாங் விமான நிலையம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கிடைத்திருந்தது ஒரு தடவை நுழைகிற விசா. வெளியே போனால் அது முடிந்தது, திரும்பி வர முடியாது. சிங்கப்பூர் வழியாகப் போனோம். அங்கே இருவருக்கும் விசா தேவையில்லை என்பதுதான் காரணம். உடுப்பில் பாதி ஈரம். ஈரமானதை அப்படியே கொடியில் விட்டுவிட்டு, வீட்டுக்கார அம்மாவுக்குக் கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பில் "அம்மாவுக்கு வருத்தம், போகிறோம்" என்று எழுதிக் காட்டினோம். அவ வாசித்துவிட்டு உள்ளே போய், வாழையிலையில் சுற்றிய சோற்றுப் பொட்டலம் இரண்டு கொண்டுவந்து கையில் தந்தா. அந்த விடியற்காலையில் எப்போது சமைத்தா என்று தெரியவில்லை.

கட்டுநாயக்காவில் வரிசை தலைகீழாக மாறியது. இந்த முறை இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மகன் வெளிநாட்டவர் வரிசையில், காரில் வரும்போது அவசரமாக எடுத்த பயண அனுமதியைக் காட்டிக்கொண்டு நின்றார். எத்தனை நாள் தங்குவீர்கள், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்களாம். வெளியே பெட்டியோடு நின்று காத்திருப்பது இந்த முறை மற்றவருடைய முறை. அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை இவர் பேசவில்லை. கடவுச்சீட்டு மாற்றியபோது இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பலரும் சொன்னார்கள். இவர் பிறகு பார்ப்போம் என்றார். இப்போது விண்ணப்பித்திருக்கிறார்.

சத்திரசிகிச்சை தாமதமில்லாமல் நடந்தது. இடுப்பு முறிவில் அதுதான் முக்கியம். வயதானவர்களைப் படுக்கையில் கிடத்தி வைத்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே எழுப்பி இருத்தி, பிடித்து நடக்க வைக்க வேண்டும். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்ல வருகிற உறவினரைத்தான் முதலில் சமாளிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு கிட்டத்தட்ட இரண்டு மாதம் நாங்கள் அங்கே இருந்தோம். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரவு வழக்கம்போல் அட்டவணை கை மாறியது. அந்த வாரம் 'வீடு' இவருடையது. இவர் விடிய எழும்பி அடுப்பு மூட்டிப் பிட்டு அவித்தார். மாமி கட்டிலில் இருந்தபடி மருமகளைத் தேடினா. மருமகள் மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் போயிருந்தது. மகன் தன்னுடைய உடுப்பை வாளியில் ஊறவைப்பதைக் கண்டதும் மாமி அழுதுவிட்டா. "ஆம்பிளைப் பிள்ளை என்ரை சீலையைத் தோய்க்கிறதோ? அயலட்டை பார்த்தால் என்ன சொல்லும்?" இவர் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா, ஹுவேயிலை இதைவிடக் கஷ்டம், அங்கை வெயில் இல்லை" என்றார். மாமிக்கு ஹுவே எங்கே இருக்கிறதென்று தெரியாது. வெயில் இல்லாமல் உடுப்புத் தோய்ப்பது எவ்வளவு கரைச்சல் என்று தெரியும். "பின்னே எங்கை காயப்போட்டனீங்கள்?" என்று கேட்டா. அன்று பின்னேரம் வரை அதைப் பற்றித்தான் கதை. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அன்ரி வந்தபோது மாமியே, "என்ரை மகன் வெளிநாட்டிலை போய்த் தோய்க்கப் பழகினவன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தா. பட்டம் எடுத்ததைக் கூட இவ்வளவு சந்தோசமாகச் சொன்னது எங்களுக்கு ஞாபகமில்லை.

அந்த மாதங்களில் மாமி சொன்ன பழைய கதைகள் நாங்கள் முன்னர் கேளாதவை. கலியாணம் முடித்து வந்த புதிதில் எட்டுப் பேருக்குத் தோய்த்தது, கிணற்றுக் கப்பிக் கயிறு அறுந்தது, காய்ச்சலோடு மாவிடித்தது. இவர் தோய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவ சொல்லுவா. மருமகளிடம் சொல்லியிருந்தால் அது முறைப்பாடாகப் போயிருக்கும் என்று நினைத்தாவோ தெரியாது.

சனவரி கடைசியில் மாமி ஊன்றுகோலோடு முற்றம் வரை நடந்தா. மச்சாள் வவுனியாவிலிருந்து வந்து நிற்க ஒழுங்காயிற்று. குளியலறைக்குக் கைபிடி போட்டோம், வழுக்குகிற கால்மிதி எல்லாவற்றையும் எடுத்தோம், இரவு முழுவதும் எரிய ஒரு சின்ன விளக்கு வைத்தோம். உங்கள் பெற்றோர் இருக்கும் வீடுகளிலும் இந்த மூன்றையும் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். நாங்கள் இங்கிலாந்து திரும்பத்தான் நினைத்தோம். மாமிதான், "மிச்சத்தையும் போய் முடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றா. கொழும்பில் யப்பான் விசா எடுத்து, புக்குவோக்கா நகரத்தில் ஒரு மாதம்.

யப்பானில் 'வீடு' என்றால் முதலாவது குப்பை. நகரசபை குறித்த பைகளைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். எரிகிறதுக்குச் சிவப்புப் பை, எரியாததுக்கு நீலம், போத்தல்களுக்கு மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் வேறு நாள். மற்ற ஊர்களில் காலையில் வைக்கிற குப்பையைப் புக்குவோக்காவில் இரவில் வைக்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு, நள்ளிரவுக்கு முன்னர். விடிவதற்குள் தெரு சுத்தம். முன் அறைக்காரர் ஒரு வயதான அம்மா. எங்கள் முதல் பையை வாங்கித் திறந்து பார்த்து, அதில் கிடந்த ஒரு போத்தல் மூடியை எடுத்துத் தனியே வைத்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொன்னா. ஒரு சொல் கோபமில்லை. அதற்குப் பிறகு எங்கள் பையில் ஒரு மூடி தவறியதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஏழு மணி அங்கே பத்தரை. குப்பை வைக்கிற நேரமும் அதுதான். 'வீடு' யாருடைய முறையோ அவர் ஒரு கையில் பையும் மற்றக் கையில் ரெலிபோனுமாகக் குளிரில் கீழே இறங்குவார். மாமி படத்தில் தெரு விளக்கையும் பையின் நிறத்தையும் பார்ப்பா. இரண்டாவது வாரத்திலிருந்து அவவுக்கு நாட்கள் பாடம். சமையலைப் பற்றிக் கேட்க முன்னர், "இண்டைக்குச் சிவப்பெல்லோ, ஏன் மஞ்சள் கொண்டு போறாய்?" என்று மகனைக் கேட்டா. இவர் திரும்பவும் இரண்டு மாடி ஏறிப் போய்ப் பையை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஹுவேயில் விட்டுவிட்டு வந்த உடுப்புகளை வீட்டுக்கார அம்மா காயவைத்து மடித்து, றைஸ் குக்கரோடு ஒரு பெட்டியில் வைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறா. அடுத்த லீவுக்கு அதை எடுக்கப் போகிறோம். விசா விண்ணப்பத்தை இந்த முறை யார் நிரப்புவது என்று இன்னும் முடிவாகவில்லை.